அறிகுறியா, புகாரா?

காலை ஒன்பது மணிக்குக் கைப்பேசி சிணுங்குகிறது. திறந்தால் ஒரு கேள்வி. மற்றவர்கள் உங்களுக்குத் தீங்கு செய்ய முயல்வதாகக் கவலைப்பட்டீர்களா? கீழே நான்கு பொத்தான்கள்: இல்லவே இல்லை, கொஞ்சம், ஓரளவு, மிக அதிகம். ஒன்றை அழுத்தினால் அடுத்த கேள்வி. பிறருக்குக் கேட்காத குரல்கள் உங்களைத் தொந்தரவு செய்தனவா? நன்றாகத் தூங்கினீர்களா? எதிர்காலம் பற்றி நம்பிக்கை இருக்கிறதா?

சைக்கோசிஸ் வந்து மீண்டவர்களின் ஃபோனில் போடப்படும் கண்காணிப்பு ஆப்கள் இப்படித்தான் பேசும். இல்லாத குரல் கேட்பது, நடக்காததை நடப்பதாக உறுதியாக நம்புவது, நினைப்பு சிதறிப்போவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் சைக்கோசிஸ். மனச்சிதைவு அதில் ஒரு வகை. கேள்வி கேட்பது ஆப்பின் பாதி வேலை. மீதிப் பாதியை அது நம்மிடம் கேட்காமலே செய்கிறது. இன்று எவ்வளவு தூரம் நகர்ந்தீர்கள் என்று ஜிபிஎஸ் சொல்லும். எத்தனை பேரோடு பேசினீர்கள், இரவு எத்தனை மணிக்குத் திரை அணைந்தது என்று ஃபோனே சொல்லும். இதையெல்லாம் கூட்டிக் கழித்து, நோய் திரும்புகிறது என்று தோன்றினால் டாக்டர் பக்கம் ஒரு மணி அடிக்கும்.

அமெரிக்காவில் கிராஸ்செக், பிரிட்டனில் கிளின்டச் என்று பத்து வருடத்துக்கும் மேலாக நடக்கும் ஆராய்ச்சி இது. நம் நாட்டுக்கும் வந்துவிட்டது. பாஸ்டனில் உருவான மைண்ட்லேம்ப் என்ற ஆப்பை வைத்து, பெங்களூர் நிம்ஹான்ஸிலும், போபாலில் சங்கத் அமைப்பின் மூலமும் மனச்சிதைவு உள்ளவர்களிடம் ஆய்வு நடந்திருக்கிறது. பிரிட்டனின் வெல்கம் டிரஸ்ட் அதற்குப் பணம் கொடுத்தது. இன்றைக்கு ஆய்வு என்றால் நாளைக்கு அரசுத் திட்டம். டெண்டர் விட்ட பிறகு பேசி என்ன பயன்? அதனால் இப்போதே பேசிவிடுவோம்.

என் சண்டை அந்த முதல் கேள்வியோடு.

2022 டிசம்பர் கடைசி வாரம், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். நம் குழந்தைகள் ஒவ்வொருவராக உடம்பு சரியில்லாமல் படுத்தார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தால் குடிதண்ணீரில் மலம். சரி, தொட்டியில் ஏறிப் பார்ப்பதற்கு ஒரு நாள் முன்பு அந்தத் தெருவில் ஒரு பெண் இந்த ஆப்புக்குப் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? "குடிக்கிற தண்ணியில யாரோ எதையோ கலக்குறாங்க, எங்க புள்ளைங்களைச் சாகடிக்கப் பார்க்குறாங்க." மனநலப் பாடப்புத்தகத்தைத் திறந்து பாருங்கள். டெல்யூஷன் என்று டாக்டர்கள் சொல்லும் பொய் நம்பிக்கைக்குத் தரப்படும் வழக்கமான உதாரணமே இதுதான்: சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள், தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள். ஆப் அவருக்கு 'மிக அதிகம்' என்று மதிப்பெண் போட்டிருக்கும். மணி அடித்திருக்கும். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டியிருப்பார். தொட்டியில் யாரும் ஏறியிருக்க மாட்டார்கள்.

இது மிகை என்று நினைப்பவர்கள் நம் வரலாற்றில் ஒரு பக்கத்தைக் காட்டட்டும், அதில் நம்மைப் பற்றி யாரும் சதி செய்யவில்லை என்று. பெண் எடுத்தால் கொலை. தேர் இழுக்கப் போனால் அடி. ஊர்க் கூட்டம் போட்டு, 'இவர்களுக்குக் கடையில் பொருள் கொடுக்காதே, வேலைக்குக் கூப்பிடாதே' என்று முடிவெடுக்கிறார்களே, அதற்குப் பெயர் என்ன? நமக்கு எதிராகப் பலர் ஒன்றுகூடித் திட்டமிடுகிறார்கள் என்பது நம்முடைய பல ஊர்களில் முதல் தகவல் அறிக்கையில் பதிவாகும் விஷயம்.

வேடிக்கை என்னவென்றால், டாக்டர்களின் புத்தகமே நம் பக்கம் நிற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப்பட்டியல் நூல், ஒரு நம்பிக்கையை டெல்யூஷன் என்று சொல்ல ஒரு நிபந்தனை வைக்கிறது: அவருடைய பண்பாட்டைச் சேர்ந்த மற்றவர்கள் பொதுவாக ஏற்காத நம்பிக்கையாக அது இருக்க வேண்டும். அப்படியானால் மற்றவர்களைக் கேட்டாக வேண்டும். யார் அந்த மற்றவர்கள்? ஊரா, சேரியா? ஊரைக் கேட்டால் 'இங்கே எல்லாரும் அண்ணன் தம்பியாத்தான் பழகுறோம்' என்பார்கள். சேரியைக் கேட்டால் எந்த டீக்கடையில் எந்த டம்ளர் என்று சொல்வார்கள். பொறுமையுள்ள நல்ல டாக்டர் இரண்டு பக்கமும் விசாரிப்பார். நான்கு பொத்தான் உள்ள ஆப் யாரையும் விசாரிக்காது.

இதைவிடச் சிக்கலான ஒன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி. ஊர்த் திருவிழாத் தகராறில் அவனை நடுத்தெருவில் போட்டு அடித்தார்கள். வன்கொடுமை வழக்குப் பதிவானது, குற்றவாளிகள் ஜாமீனில் வந்து அவன் வீட்டு வழியாகவே பைக்கில் போனார்கள். சில மாதம் கழித்து அவனுக்குக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன, அடித்தவர்களின் குரல்கள். கூரைமேல் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்றான். ஒரு மருத்துவமனையில் அவன் சொன்ன எல்லாவற்றையும் நோய்க் கணக்கில் எழுதினார்கள், ஜாமீனில் வந்தவர்கள் மிரட்டுவது உட்பட. அவனுடைய அம்மா எஃப்ஐஆர் நகலை மேசைமேல் வைத்த பிறகுதான் பேனா நின்றது. கூரைமேல் யாரும் இல்லை என்பது உண்மை. தெருவில் இருந்தார்கள் என்பதும் உண்மை. அவனுக்கு மாத்திரையும் தேவைப்பட்டது, ஜாமீன் ரத்தும் தேவைப்பட்டது. இரண்டையும் பிரித்தறிய அந்த அம்மாவால் முடிந்தது. 'தீங்கு செய்ய முயல்கிறார்கள்: மிக அதிகம்' என்ற ஒற்றைப் பதிலில் இரண்டும் கலந்துதான் கிடக்கும்.

ஆப்பை ஆதரிப்பவர்களிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். பதிலை மட்டும் நம்பவில்லை, நடத்தையையும் பார்க்கிறோம். ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடவில்லை, அவருடைய வழக்கமான நாட்களோடுதான் ஒப்பிடுகிறோம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. 2018இல் வெளிவந்த பாஸ்டன் ஆய்வு ஒன்று அடிக்கடி மேற்கோள் காட்டப்படும். நோய் திரும்புவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில், ஃபோனில் பதிவான வழக்கத்துக்கு மாறான நடத்தை 71 சதவீதம் கூடுதலாக இருந்ததாம். ஆய்வில் இருந்தவர்கள் 17 பேர். பதினேழு பேரை வைத்துத் தொடங்குவதில் தப்பில்லை, எல்லா ஆராய்ச்சியும் சின்னதாகத்தான் தொடங்கும். ஆனால் வழக்கத்துக்கு மாறான நடத்தை என்பது எங்கிருந்தெல்லாம் வரும்?

காலனியில் தாக்குதல் நடந்த மறுவாரத்தை நினைத்துப் பாருங்கள். பையன்கள் வெளியே போவதில்லை, நகர்ந்த தூரம் பூஜ்யம். ராத்திரி காவல் இருக்கிறார்கள், தூக்கம் இல்லை. முதல் இரண்டு நாள் வக்கீலுக்கும் தோழர்களுக்கும் நூறு அழைப்பு. கூலி நின்றுபோனதால் ரீசார்ஜ் தீர்ந்து, அப்புறம் அழைப்பே இல்லை. ஆப்பின் கண்ணுக்கு இது மொத்தமும் நோய் திரும்பும் படம். தூக்கம் கெட்டது, சமூகத்திலிருந்து விலகல், வீட்டுக்குள் முடக்கம். விலகியது யார், விலக்கியது யார் என்று ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது.

ஃபோன் யாருடையது என்ற கேள்வியும் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தானே பயன்படுத்தும் கைப்பேசி உள்ள பெண்கள் 54 சதவீதம்தான். அது சாதாரண பட்டன் ஃபோனையும் சேர்த்து. வீட்டில் ஒரே ஸ்மார்ட்ஃபோன், அதை அண்ணன் சென்ட்ரிங் வேலைக்கு எடுத்துக்கொண்டு போனால், தங்கை தினமும் நாற்பது கிலோமீட்டர் உற்சாகமாகப் போய் வருவதாக ஆப் எழுதிவைக்கும். சிரிப்பு வருகிறது. அந்தத் தங்கை மூன்று நாளாகச் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் சிரிப்பு வராது.

எதிர்ப்பை நோயாக எழுதிவைப்பது புதிய வித்தையும் இல்லை. 1851இல் சாமுவேல் கார்ட்ரைட் என்ற அமெரிக்க மருத்துவர், பண்ணையிலிருந்து தப்பி ஓடும் கறுப்பின அடிமைக்கு ஒரு மனநோய் இருப்பதாகச் சொல்லி அதற்கு டிராப்டோமேனியா என்று பெயர் வைத்தார். 1968இல், சிவில் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது, இரண்டு மனநல மருத்துவர்கள் 'எதிர்ப்பு சைக்கோசிஸ்' என்று ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 1974இல் ஹாலோபெரிடால் மாத்திரைக்கு மருத்துவப் பத்திரிகையில் வந்த விளம்பரத்தில் முஷ்டியை உயர்த்தியபடி ஒரு கறுப்பின மனிதர். ஜொனதன் மெட்சல் என்ற மனநல மருத்துவர் மிச்சிகனின் அயோனியா மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டி இந்த வரலாற்றைப் புத்தகமாகவே எழுதியிருக்கிறார். சமூகப்பணி படிக்கும் தம்பி தங்கைகள் 2010இல் வந்த அந்த நூலைத் தேடிப் படியுங்கள். ஒரு காலத்தில் வெள்ளைக்கார நடுத்தர வர்க்கப் பெண்களின் நோயாகப் பேசப்பட்ட மனச்சிதைவு, அறுபதுகளில் கோபக்காரக் கறுப்பின ஆண்களின் நோயாக மாறியது எப்படி என்பதுதான் அதன் கதை.

அதற்காக நோயே பொய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்லும் தோழர்கள் சிலர் இருக்கிறார்கள், அவர்களோடும் எனக்குச் சண்டைதான். பிரிட்டனில் கரீபிய வம்சாவளி மக்களிடம் சைக்கோசிஸ் வெள்ளையர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் கண்டறியப்படுகிறது. ஆனால் கரீபியத் தீவுகளிலேயே வாழும் அவர்கள் சொந்தங்களிடம் அந்த அளவு இல்லை. டாக்டர்களின் பார்வைக் கோளாறு மட்டுமே காரணம் இல்லை, அவமதிப்பிலும் ஒதுக்கலிலும் வாழ்வது மூளையையே நோகடிக்கிறது என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நம் தெருக்களிலும் நோய் இருக்கிறது. அதைப் பேய் என்று சொல்லி, செய்வினை என்று சொல்லி, வேப்பிலை அடித்து வருடக்கணக்கைத் தொலைத்தவர்கள் நம்மில் ஏராளம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் போனார்கள். 28 பேர் செத்தார்கள். மாத்திரை பலருக்கு வேலை செய்கிறது. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். நோய் திரும்புவதை முன்கூட்டியே பிடித்தால் ஆஸ்பத்திரிப் படுக்கையைத் தவிர்க்கலாம் என்பதும் சரிதான். வெளியூரில் தனியாக ஹாஸ்டலில் இருக்கும் ஒரு மாணவிக்கு, தன் தூக்கத்தையும் குரல்களையும் தானே குறித்துவைத்து டாக்டரிடம் காட்ட ஒரு ஆப் உதவும் என்றால் நான் ஏன் தடுக்கப் போகிறேன்?

ஆனால் மணி அடித்தால் யார் வருவார்கள்?

2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி சைக்கோசிஸ் உள்ளவர்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கியது. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இந்தியாவில் இல்லை. நம் ஆட்கள் டாக்டர் வரும் கிழமைக்குக் காத்திருந்து, ஒரு நாள் கூலியை விட்டு, கூட வருபவரின் கூலியையும் விட்டு, இரண்டு பஸ் மாறி ஜிஎச்சுக்குப் போய் வரிசையில் நிற்கிறார்கள். இருக்கும் நோயாளியைப் பார்க்கவே நேரம் இல்லாத டாக்டருக்குத் தினமும் இருநூறு எச்சரிக்கை அனுப்பி என்ன ஆகப்போகிறது? தீயணைப்பு வண்டி இல்லாத ஊரில் வீட்டுக்கு வீடு புகை மணி மாட்டுகிறார்கள்.

மனிதர்கள் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கும் ஆய்வு இருக்கிறது, அதுவும் நம் மண்ணில். மனச்சிதைவு உள்ளவர்களின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர்கள் போய்ப் பேசி, மருந்தைக் கவனித்து, வேலைக்கும் உதவித்தொகைக்கும் வழிகாட்டினார்கள். காப்ஸி என்ற அந்த ஆய்வு தமிழ்நாட்டையும் சேர்த்து நடந்தது, 2014இல் லான்செட்டில் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் ஓரளவு நன்றாக இருந்தார்கள். ஓரளவுதான், மாயமில்லை. ஆனால் அந்தப் பணியாளர் திண்ணையில் உட்கார்ந்தால் அம்மாவிடம் பேசுவார், எஃப்ஐஆரைப் பார்ப்பார். 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. அதே பை, அதே அக்கா, மனநல மாத்திரையையும் ஒவ்வொரு காலனிக்கும் கொண்டுவரட்டும் என்று கேட்போம். அந்த அக்காக்களில் நம் தெருப் பெண்கள் எத்தனை பேர் என்றும் கேட்போம். ஆப்புக்கு ஒதுக்கும் பணத்தில் எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுக்கலாம் என்று திட்ட அறிக்கையில் எழுதச் சொல்வோம்.

இப்போது தரவுக்கு வருகிறேன், கணினி படிக்கும் பிள்ளைகள் கவனியுங்கள். 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா, உடல்நலத் தகவலையும் சாதியையும் 'முக்கியத் தனிநபர் தரவு' என்ற தனிப் பட்டியலில் வைத்துக் கூடுதல் பாதுகாப்புக் கொடுத்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பட்டியலே இல்லை. உங்கள் ஷூ அளவும், உங்கள் சாதியும், உங்களுக்குக் கேட்கும் குரல்களும் சட்டத்தின் முன் ஒரே வகை. அரசு தன் அமைப்புகளில் எதற்கு வேண்டுமானாலும் அறிவிப்பு வெளியிட்டு இந்தச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு இது ஆபத்து என்று யோசியுங்கள். வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்லப் போகும் ஒருவருடைய ஃபோனில் இரண்டு வருட 'சந்தேக எண்ண' மதிப்பெண் தேதிவாரியாகக் கிடக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்? நிலம் கேட்டு ஊர்வலம் போனவர் எந்த இரவு எங்கே இருந்தார் என்பதும் அதே ஃபோனில் இருக்கிறது. வேங்கைவயல் விசாரணையில் நம்மவர்களின் ரத்த மாதிரியை எடுத்தார்கள், கைப்பேசிகளைக் குடைந்தார்கள், கடைசியில் 2025 ஜனவரியில் அந்தத் தெருவைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் மீதே குற்றப்பத்திரிகை. நம்மைப் பற்றிச் சேரும் தரவு எந்தப் பக்கம் பாயும் என்பதற்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

மருந்து உடம்புக்குள் போனதும் சமிக்ஞை அனுப்பும் மாத்திரையையே 2017இல் அமெரிக்கா அனுமதித்தது. அபிலிஃபை மைசைட் என்று பெயர், மனச்சிதைவுக்கான மருந்து. விழுங்கியதும் தோலில் ஒட்டிய பட்டைக்குத் தகவல், அங்கிருந்து ஃபோனுக்கு. 'என் வயிற்றுக்குள் ஏதோ கருவி வைத்திருக்கிறார்கள்' என்று சொன்னால் நோய் என்று எழுதும் துறையே அந்தக் கருவியையும் செய்துவிட்டது! சென்சார் செய்த புரோட்டியஸ் நிறுவனம் 2020இல் திவால் ஆனது என்பது தனிக் கதை.

நம் கையில் ஒரு நல்ல சட்டம் இருக்கிறது, அதைப் பலர் படிப்பதே இல்லை. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம். அதன் 3ஆம் பிரிவு, ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையை வைத்தோ, அவர் ஊர் வழக்கத்துக்கு ஒத்துப்போகாததை வைத்தோ மனநோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. 18ஆம் பிரிவு, சிகிச்சையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும்போது சாதியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 24ஆம் பிரிவு, ரகசியம் காக்கும் உரிமை டிஜிட்டல் தகவலுக்கும் உண்டு என்கிறது. 25ஆம் பிரிவின்படி நம் மருத்துவப் பதிவை நாம் கேட்டு வாங்கலாம். 5ஆம் பிரிவுதான் எனக்குப் பிடித்தது: நோய் தணிந்து தெளிவாக இருக்கும்போதே, பின்னால் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று எழுதிவைக்கும் உரிமை. அந்தத் தாளில் கண்காணிப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். என் ஃபோனில் ஆப் வேண்டாம் என்றோ, கேள்வி மட்டும் இருக்கட்டும், ஜிபிஎஸ் வேண்டாம் என்றோ, எச்சரிக்கை வந்தால் முதலில் என் அக்காவுக்கு, அப்புறம் டாக்டருக்கு என்றோ. நோயாளிகள் தாங்களே முடிவு செய்யட்டும், நானோ நீங்களோ அல்ல.

உங்கள் காலனிக்கோ கல்லூரிக்கோ இப்படி ஒரு ஆய்வோடு யாராவது வந்தால் விரட்ட வேண்டாம். உட்காரவைத்துக் கேளுங்கள். உங்கள் 17 பேரிலோ 700 பேரிலோ நம் ஆட்கள் எத்தனை, சாதியைப் பதிவு செய்தீர்களா? நிஜமாகவே மிரட்டல் இருந்தால் அதைச் சொல்ல எந்தப் பொத்தான்? போலீஸ் கேட்டால் தரவைக் கொடுப்பீர்களா? தமிழில் எழுதித் தாருங்கள், எழுதப்படிக்கத் தெரியாதவருக்கு நான் வாசித்துக் காட்டுகிறேன் என்று சொல்லுங்கள். நடுராத்திரி யாருக்காவது முடியாமல் போனால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம் என்பதையும் தெருவில் சொல்லிவையுங்கள். அப்புறம் ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எச்சரிக்கை மணி அடித்தால் எத்தனை மணி நேரத்துக்குள் எந்த மனிதர் வீட்டுக்கு வருவார், அவர் பெயர், அவர் ஃபோன் நம்பர். அந்த வரி காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.